வயதுக்கு என்ன அத்தாட்சி?

பிள்ளை பிறந்த நேரத்தை நாழிகை பிசகாமல் குறித்துவைத்து ஜாதகம் கணித்தவர்கள் நாம். அதே பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால், "வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடு" என்று வாத்தியார் சொல்ல, அதற்கும் தலையாட்டியவர்கள் நாமேதான். விரல் காதை எட்டினால் வயது ஐந்து. எட்டாவிட்டால் அடுத்த வருஷம் வா. ஜாதகம் கல்யாணத்துக்கு, காது பள்ளிக்கூடத்துக்கு. சர்க்காருக்கோ வாத்தியார் பதிவேட்டில் எழுதியதே வேதம். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்குத் தோதாக அவரே ஒரு தேதியைப் போட்டுவிடுவார். ஒரு மனிதன் அந்தத் தேதியில் உத்தியோகத்தில் சேர்ந்து, அந்தத் தேதியிலேயே ஓய்வும் பெற்றுவிடுவான். உண்மையில் அவன் என்று பிறந்தான் என்பது அவனைப் பெற்றவளுக்கு மட்டும் தெரியும். அவளும் "பெரிய மழை பெய்த வருஷம்" என்றுதான் சொல்வாள்.

இந்தப் பழைய சங்கதி இப்போது நினைவுக்கு வரக் காரணம் இருக்கிறது. வயதைச் சரிபார்த்து உள்ளே விட வேண்டும் என்ற கூக்குரல் இன்று உலகமெங்கும் எழுந்திருக்கிறது. இந்த வாசல் கைப்பேசியின் வாசல். ஆஸ்திரேலியாவில் 16 வயது நிரம்பாதவர்கள் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாதென்று 2024 நவம்பரில் சட்டம் நிறைவேறி, 2025 டிசம்பர் 10 முதல் அமலுக்கு வந்தது. சட்டம் வருமுன் எடுத்த கருத்துக் கணிப்பு ஒன்றில் நூற்றுக்கு 77 பேர் அதை ஆதரித்தார்கள். பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் ஆபாசப் படத் தளங்கள் வருகிறவரின் வயதைச் சோதிக்க வேண்டும் என்றானது. நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் குறைந்தவர்களின் விவரங்களைக் கையாளுவதற்குப் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்து வாங்க வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் முன்னமே ஓர் அடி எடுத்து வைத்துவிட்டது. இணையவழி ரம்மியில் பணத்தைத் தொலைத்து உயிரையும் மாய்த்துக்கொண்டவர்களின் செய்தி அடுத்தடுத்து வந்த காலத்தில், 2022-இல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து அறிக்கை வாங்கினார்கள். பொதுமக்களின் அபிப்பிராயத்தையும் கேட்டார்கள். அரசு சொன்ன கணக்குப்படி வந்த மின்னஞ்சல்கள் 10,735. அவற்றில் தடைச் சட்டத்துக்கு ஆதரவானவை 10,708, எதிரானவை 27! நம் ஜனங்கள் இவ்வளவு ஒற்றுமையாக வேறெந்தக் காரியத்துக்காவது கையெழுத்துப் போட்டதுண்டா என்று எனக்கு ஞாபகமில்லை. சட்டம் 2023-இல் வந்தது. 2025 பிப்ரவரியில் வந்த ஒழுங்குமுறை விதிகள், 18 வயது நிரம்பாதவர்கள் பணம் வைத்து ஆடக் கூடாது, ஆடுகிறவரை ஆதாரைக் கொண்டு சரிபார்க்க வேண்டும், நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை ஆட்டமே கூடாது என்றன. அவற்றைச் சென்னை உயர்நீதிமன்றம் 2025 ஜூனில் செல்லுமென்று தீர்ப்பளித்தது. ஆகஸ்டில் பாராளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்து சட்டம் இயற்றியது.

இந்த ஆதரவை நான் லேசாக எண்ணவில்லை. சோளிங்கரில் நரசிம்மர் மலையின் 1,305 படிகளையும் ஏறி இறங்கி அடிவாரத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு தாய், ஆம்பூர்ப் பக்கத்துச் செருப்புத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள், பேச்சுவாக்கில் சொன்னாள்: "சட்டம் போட்டா தேவலை சார். காலையில போனா பொழுது சாஞ்சுதான் வர்றேன். பையன் அதுல என்ன பாக்குறான்னு எனக்கு என்ன தெரியும்?" இந்தக் கேள்விக்குப் பரிகாசமாகப் பதில் சொல்லக் கூடியவன் பிள்ளை பெறாதவனாக இருக்க வேண்டும். கவலை மெய்யானது, நானும் அதைப் பகிர்ந்துகொள்கிறவன்தான்.

ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு வழக்கமுண்டு. ஒரு பாத்திரம் புதிதாக ஒரு காரியம் செய்யப் புறப்பட்டால், இவன் முன்பு இதேபோல் என்ன செய்தான் என்று பின்பக்கம் புரட்டிப் பார்ப்பான். நம் சமூகம் வயதுக் கோடு கிழித்துச் சட்டம் போடுவது இது முதல் தடவையல்ல. அப்போதெல்லாம் நடந்ததென்ன?

1889-இல் கல்கத்தாவில் பூல்மணி என்ற சுமார் பதினோரு வயதுச் சிறுமி, முப்பத்தைந்து வயதுக் கணவனிடம் சிக்கி உயிரிழந்தாள். அக்காலச் சட்டத்தில் சம்மத வயது பத்து. ஆகவே அந்தக் குற்றச்சாட்டில் அவனைத் தண்டிக்க முடியவில்லை; கவனக்குறைவால் கொடுங்காயம் விளைவித்தான் என்று ஓராண்டுச் சிறையோடு போயிற்று. பம்பாயில் பெஹ்ராம்ஜி மலபாரி என்ற பார்சிப் பத்திரிகையாசிரியர் 1884 முதலே பால்ய விவாகத்துக்கு எதிராக எழுதி வந்தார். இரண்டும் சேர்ந்து 1891 மார்ச்சில் சம்மத வயதைப் பன்னிரண்டாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தன. பம்பாயில் திலகர் எதிர்த்தார். கல்கத்தா மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடிக் கண்டித்தார்கள். சென்னையில் திவான் பகதூர் ரகுநாத ராவைப் போன்ற சீர்திருத்தக்காரர்கள் ஆதரவாக நின்றார்கள். இத்தனை வாதப் பிரதிவாதமும் பத்தா, பன்னிரண்டா என்பதிலேயே சுழன்றது. அந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டு ஆகிவிட்டதென்று யார் சொல்வது, எதைக் காட்டிச் சொல்வது என்பது பெரும்பாலும் பேச்சில் வரவில்லை.

முப்பத்தெட்டு வருஷம் கழித்து வந்தது சாரதா சட்டம். நம் தமிழ்நாட்டைக் குலுக்கிய சட்டம் அது. அதற்கு முன் 1914-இலேயே சீனிவாச சாஸ்திரியார் சென்னைச் சட்டசபையில் ருதுவான பிறகு விவாகம் செய்வதை அங்கீகரிக்கும் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. 1928-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, நாட்டிலேயே முதன்முதலாகச் சட்டசபைத் துணைத் தலைவரான பெண்மணி, விவாக வயதை உயர்த்த வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கு விவாக வயது பதினாறுக்கு மேல் இருக்க வேண்டுமென்று தீர்மானித்தது. அகில இந்திய மாதர் மாநாடு ஊர் ஊராக ஆதரவு திரட்டியது. மறுபுறம், சென்னை மாகாணத்திலிருந்து மத்திய சட்டசபைக்குப் போன எம்.கே. ஆச்சாரியா போன்றவர்கள் சாஸ்திரத்தில் சர்க்கார் கைவைக்கலாகாது என்று மூச்சுப் பிடித்து எதிர்த்தார்கள். 1929 செப்டம்பரில் ஹர்பிலாஸ் சாரதாவின் மசோதா 67-க்கு 14 என்ற வாக்கில் வென்றது. பெண்ணுக்குப் பதினான்கு, பிள்ளைக்குப் பதினெட்டு. அமலுக்கு வரும் நாள் 1930 ஏப்ரல் 1.

அதாவது, நடுவே ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் நடந்த கல்யாணங்களை நினைத்தால் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. பந்தல் போட ஆள் கிடைக்கவில்லை, புரோகிதருக்கு ஓய்வில்லை, முகூர்த்தத்துக்குப் பஞ்சமில்லை. எட்டு வயதுப் பெண்ணையும் ஆறு வயதுப் பெண்ணையும் மணையில் உட்கார வைத்தார்கள். ஏப்ரலுக்குப் பிறகும் ஆசை தீராதவர்கள், இந்தச் சட்டம் எட்டாத பிரெஞ்சுப் புதுச்சேரிக்கும் சுதேச சமஸ்தானங்களுக்கும் ரயிலேறிப் போய்த் தாலி கட்டிவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டில் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். பதினைந்து வயதுக்குக் குறைந்த மனைவிமார்கள் 1921-இல் சுமார் 85 லட்சம். 1931-இல் ஒரு கோடியே 22 லட்சத்துக்கும் மேல். தடுக்க வந்த சட்டத்துக்கு முதல் வரவேற்பு இப்படி இருந்தது!

இதைச் செய்தவர்கள் எல்லோரும் சட்டத்தை எதிர்த்தவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். மேடையில் ஆதரித்துப் பேசிவிட்டு, வீட்டில் அம்மாவின் பிடிவாதத்துக்குப் பணிந்து மகளுக்கு அவசரக் கல்யாணம் முடித்தவர்களின் கதை நம் பக்கத்துப் பழைய குடும்பங்களில் இன்றும் உலவுகிறது. ஊரார் பெண்களுக்கு அந்தச் சட்டம் அவசியம். நம் வீட்டுக்கு மட்டும் இந்த ஒரு தடவை விலக்கு.

சட்டத்திலும் ஓட்டை இருந்தது. போலீஸார் தாமாக நடவடிக்கை எடுக்க முடியாது. யாராவது ஒருவர் கோர்ட்டுக்குப் போய்ப் புகார் கொடுக்க வேண்டும், அதுவும் ஓராண்டுக்குள். புகார் கொடுப்பவர் நூறு ரூபாய் வரைக்கும் ஜாமீன் கட்ட நேரும். அயல் வீட்டுக் கல்யாணத்தைத் தடுக்க நூறு ரூபாய் பணயம் வைக்கும் தர்மவான் எத்தனை பேர்? இதையெல்லாம் முன்பே யோசித்தவர்கள் இல்லாமலில்லை. சர் மோரோபந்த் ஜோஷி தலைமையில் நாடெங்கும் விசாரித்த சம்மத வயதுக் குழு, பிறப்புப் பதிவையும் விவாகப் பதிவையும் செம்மையாகச் செய்யாமல் வயதுச் சட்டம் பலன் தராது என்று 1929-லேயே எழுதி வைத்தது. சர்க்கார் சட்டத்தை எடுத்துக்கொண்டது, பதிவேட்டை விட்டுவிட்டது.

விவாகத்தை விட்டு வேலைக்கு வருவோம். இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் பக்கமெங்கும் தோல் மணக்கும் இந்தச் சீமைக்கு அது நெருங்கிய விஷயம்.

இயந்திரத் தொழிலுக்குத் தாயகமான இங்கிலாந்தில் 1833-இல் ஒரு சட்டம் வந்தது: நெசவாலைகளில் ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வேலை செய்யக் கூடாது. வயதுக்கு அத்தாட்சி? அங்கேயும் அப்போது பிறப்புப் பதிவு கிடையாது. அது 1837-இல்தான் தொடங்கியது. ஆகவே வைத்தியர் பிள்ளையின் தோற்றத்தைப் பார்த்துச் சான்று எழுதினார். தகப்பன் வயதைக் கூட்டிச் சொன்னான். முதலாளி கேட்காமல் இருந்தான். எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் வைத்தியர், உயரத்தைப் பார்ப்பதைவிடப் பல்லைப் பார்த்தால் வயது நன்றாகத் தெரியும் என்று 1837-இல் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்து ஒரு சிறு நூலே எழுதிப் பார்லிமெண்டுக்குக் கொடுத்தார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கும் நம் தரகர்கள் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

நம் நாட்டுத் தொழிற்சாலைச் சட்டங்களிலும் அந்தக் கோடு மெல்ல மெல்ல ஏறியது. 1881-இல் ஏழு வயது, 1891-இல் ஒன்பது, 1922-இல் பன்னிரண்டு, 1948-இல் பதினான்கு. சான்று கொடுக்கச் சர்க்கார் வைத்தியர் வந்தார். ஆனால் அவர் பெரிய ஆலைக்குத்தான் வந்தார். சிறு பட்டறைகள் சட்டத்துக்கு வெளியே இருந்தன. 1931-இல் விட்லி கமிஷன் அறிக்கை, பீடி, தோல், கம்பளம், அவரக்கு என்று இப்படிப்பட்ட தொழில்களை வரிசையாகச் சொல்லி, சில இடங்களில் ஐந்து வயதுக் குழந்தைகள் கூட இரண்டணாக் கூலிக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் உழைப்பதை எழுதிற்று. கடனுக்காகப் பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் கொடுமையும் அதில் வெளிவந்து, 1933-இல் அதைத் தடுக்க ஒரு சட்டம் பிறந்தது.

1938-இல் குழந்தைகளை வேலைக்கு அமர்த்துவது பற்றிய சட்டம் வந்தது. பீடி சுற்றுவதும் தோல் பதனிடுவதும் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கூடாதென்று பட்டியலே போட்டார்கள். நல்ல காரியம். ஆனால் ஒரு விலக்கு: ஒருவன் கூலியாள் வைக்காமல், தன் குடும்பத்தாரைக் கொண்டே நடத்தும் பட்டறைக்கு இந்தத் தடை இல்லை. வாசலை அடைத்தார்கள், வீட்டின் புழக்கடைக் கதவு திறந்தே இருந்தது. பீடி வீட்டுக்குள் போயிற்று. பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு அம்மாவுக்கு உதவியாக இலை வெட்டினாள், நூல் கட்டினாள். வயதைக் கேட்க அங்கே எந்த இன்ஸ்பெக்டரும் வரவில்லை. பெற்ற தாயே முதலாளி, பெற்ற மகளே தொழிலாளி. யார் பேரில் வழக்குப் போடுவது?

இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய செய்திகளைப் படித்தால், பழைய ஆட்களே புது வேஷத்தில் வருவது தெரியும். பிரிட்டனில் வயதுச் சோதனை தொடங்கிய சில நாட்களிலேயே, இருக்குமிடத்தை மறைத்து வேறு தேசத்தில் இருப்பதாகக் காட்டும் வி.பி.என். செயலிகளை ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். சட்டத்தை ரத்துச் செய்யக் கோரிய மனுவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். இது நம் பழைய பிரெஞ்சுப் புதுச்சேரி. ரயில் டிக்கட் மட்டும் மிச்சம். முகத்தைக் காமிராவில் காட்டினால் இயந்திரம் வயதை மதிப்பிட்டுச் சொல்லும் முறை வந்திருக்கிறது. இது சாண்டர்ஸ் வைத்தியரின் பல். பிறந்த ஆண்டு என்று கேட்ட இடத்தில் பையன் தானே ஒரு வருஷத்தைப் போட்டுக்கொள்கிறானே, அது வாத்தியாரின் ஜூன் மாதம். எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை, 1938-ஆம் வருஷத்துக் குடும்ப விலக்கு. அப்பாவின் கைப்பேசி, அப்பாவின் கணக்கு, அப்பாவின் வயது. விரல் மட்டும் பிள்ளையுடையது. இதை எந்தச் சட்டம் பார்க்கும்? அடிவாரத்தில் என்னிடம் பேசிய அந்தத் தாய் காலையில் வேலைக்குப் போகும்போது பிள்ளையிடம் விட்டுப் போகும் கைப்பேசி அவள் பெயரில்தானே இருக்கும்?

இன்னொரு சங்கதியும் உண்டு. இது முன்காலத்துக்கு இல்லாத புதுத் தொல்லை. ஆலை வாசலில் வைத்தியர் சந்தேகப்பட்ட பிள்ளையை மட்டும் நிறுத்திப் பார்த்தார். நரைத்த தலையை நிறுத்தவில்லை. இணையத்தின் வாசலிலோ உள்ளே வருகிறவன் பிள்ளையா, பெரியவனா என்று தெரிய, எல்லோரையுமே நிறுத்தியாக வேண்டும். எழுபது வயதுத் தாத்தாவும் தான் பிள்ளையல்ல என்று நிரூபிக்க வேண்டும். அதற்காகக் கொடுக்கும் அடையாளச் சீட்டு யார் பெட்டியில் தங்குகிறது? 2025 அக்டோபரில் டிஸ்கார்ட் என்ற உரையாடல் தளம், தன் பணியை ஏற்றிருந்த வெளி நிறுவனத்தின் வழியாகச் சுமார் 70,000 பேரின் அடையாளச் சீட்டுப் படங்கள் களவு போயிருக்கலாம் என்று அறிவித்தது. அவற்றில் வயதை மெய்ப்பிக்கக் கொடுத்தவையும் உண்டு. பிள்ளைகளைக் காக்கப் போட்ட பூட்டின் சாவியே திருடன் கைக்குப் போன மாதிரிதான்.

அப்படியானால் வயதுச் சட்டமே வீண் என்று சொல்கிறேனா? இல்லை. சாரதா சட்டம் 1949-இல் பெண்ணுக்குப் பதினைந்தாகவும், 1978-இல் பதினெட்டாகவும் உயர்ந்தது. 2006-இல் இன்னும் கடுமையான சட்டம் அதனிடத்தில் வந்தது. அன்று எட்டு வயதில் மணையில் உட்கார்ந்த பெண்ணின் கொள்ளுப்பேத்தி இன்று கல்லூரிக்குப் போகிறாள். இடையில் நடந்ததை யோசித்துப் பார்க்க வேண்டும். போலீஸ்காரர் பந்தலுக்குள் புகுந்ததால் வந்த மாறுதல் கொஞ்சம். 1956-இல் காமராஜர் பள்ளியில் மதியச் சோறு போட்டார், 1982-இல் எம்.ஜி.ஆர். அதை மாநிலமெங்கும் விரித்தார். பட்டறைக்குப் போக வேண்டிய பிள்ளை சோற்றுக்காகப் பள்ளிக்கு வந்து, படிப்புக்காக அங்கேயே தங்கியது. 1989-இல் கருணாநிதி அரசு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரால் கல்யாண உதவித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பெண் எட்டாவது படித்திருக்க வேண்டும், பதினெட்டு நிரம்பியிருக்க வேண்டும், அப்போது 5,000 ரூபாய். வயதுச் சான்றை மறைத்துத் திரிந்த தகப்பன், அதைத் தேடி எடுத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றான்! 2022-இல் அந்தத் திட்டம் கல்லூரி மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டமாக மாறியது. பதிவேடும் ஒருவழியாகச் சீர்பட்டது. 1969-இல் நாடு முழுவதுக்கும் ஒரே பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. 2023 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம்.

ஆக, "வராதே" என்று ஒரு வாசலில் எழுதிவைத்தபோது, "வா" என்று இன்னொரு வாசலைத் திறந்து வைத்தவரைதான் நம் வயதுச் சட்டங்கள் ஜயித்திருக்கின்றன. விவாகத்தை மூடியபோது பள்ளி திறந்திருந்தது. பட்டறையை மூடியபோது சோற்றுப் பந்தி விரித்திருந்தது. கைப்பேசியை மூடும்போது எது திறக்கப் போகிறது? 10,708 மின்னஞ்சல் அனுப்பியவர்களிடமும், இனி ஆதரவுக் கையெழுத்துப் போடப் போகிறவர்களிடமும் நான் பணிவாகக் கேட்க விரும்புவது இதைத்தான். கையெழுத்துப் போடுங்கள், நானும் போடுகிறேன். கூடவே, எல்லாருடைய அடையாளச் சீட்டையும் வாங்கிச் சேர்த்து வைக்காமல் வயதை மட்டும் கேட்டுவிட்டு விடும் முறையைக் கேளுங்கள். வீட்டிலிருக்கும் புழக்கடைக் கதவைப் பெரியவர்களே பார்த்துக்கொள்ளச் சம்மதியுங்கள்.

பொது நூலகத்துக்கென்று இந்தியாவிலேயே முதன்முதலில், 1948-இல், சட்டம் செய்த மாகாணம் நம்முடையது. நம் ஊர்களில் நூலகமும் இருக்கிறது, பள்ளி மைதானமும் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் புத்தகப் பையை வீட்டில் போட்டுவிட்டுத் தெருவுக்கு வரும் நேரத்தில் மைதானத்தின் கதவில் பூட்டுத் தொங்குகிறது. அந்தப் பூட்டைத் திறக்க வயதுச் சான்றும் வேண்டாம், டில்லியில் சட்டமும் வேண்டாம். சாவி தலைமையாசிரியர் மேஜையில்தான் இருக்கிறது.